ஊஞ்சல் படத்தின் மறுபாதி

எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊரில் நான் பேனா எடுப்பது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதுவும் பள்ளியில் தெலுங்கு. தமிழ் எழுத்தை அம்மா அரிசிமாவில் விரல் பிடித்துச் சொல்லித் தந்தாள். மற்றதெல்லாம் வார இதழ்கள் படித்து வந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் முகம் தெரியாது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் வேலை பார்க்கும் கச்சிபௌலி அலுவலகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அறுபதுகளின் கடைசியில் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் எப்படி இருந்தன, என்ன விலை விற்றது, என்ன சினிமா பார்த்தார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது எழுதித் தந்தால் போடுவார்களாம். மகன் என் பெயரைக் கொடுத்துவிட்டான்.

"எனக்கு என்னடா தெரியும்?"

"பர்வாலேதுமா. அரிசி என்ன விலை, பஸ் டிக்கெட் என்ன விலை. அவ்ளோதான். டூ பேஜஸ்."

அப்படித்தான் ஆரம்பித்தேன். அரிசி கிலோ ஒரு ரூபாயும் சில்லறையும். இரானி ஓட்டலில் டீ பதினைந்து காசு. உள்ளங்கையில் அடங்கும் வெங்காய சமோசா ஐந்து காசு. சனத்நகரிலிருந்து செகந்திராபாத் போக பஸ்ஸுக்கு இருபது காசு என்று நினைவு. ரவிக்கை தைக்கக் கூலி முக்கால் ரூபாய். தமிழ் வார இதழ் நாற்பது காசு.

அந்த வார இதழில் வந்து நின்றதும் பேனா நகரவில்லை.

அப்பா சனத்நகரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். ஓடு போட்ட பத்து வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். அதை லைன் என்போம். அதில் நான்கு வீடுகள் தமிழ் வீடுகள். மாலை சங்கு ஊதினால் பத்து வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் சைக்கிள் வந்து நிற்கும். அப்பா சட்டையில் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை இருக்கும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால், யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது போலத் திரும்பிப் பார்க்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் மதராஸ் ரயிலில் தமிழ் இதழ்கள் செகந்திராபாத்துக்கு வந்து சேரும். வந்த இதழ்களில் ரயில் புகை மணக்கும். நாலு இதழும் வாங்க எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் லைனில் ஒரு ஏற்பாடு இருந்தது. வீட்டுக்கு ஒரு இதழ் வாங்க வேண்டும். வாங்கிய வீடு முதலில் படிக்கும். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்தது என்று நாலு வீடும் சுற்றி வாங்கிய வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். சுற்று முடிகிறவரை யாரும் மடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. சுற்று முடிந்ததும் நடுப்பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்த பிறகு கோணி ஊசியால் தைத்து, சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்டால் அது புத்தகம்.

பக்கத்து வீட்டில் என் அக்கா வயதில் ஒரு பெண் இருந்தாள். இருவருக்கும் பதினாறு. எனக்குப் பத்து. லைனிலேயே ரேடியோ இருந்த வீடு அது. சாயங்காலம் கடல் தாண்டி வரும் தமிழ் ஒலிபரப்பை வைப்பார்கள். பாட்டு அலை போல ஏறும், இறங்கும், சில நேரம் ஒரு வரி முழுக்கக் காணாமல் போகும். காணாமல் போன வரியை அவள் பாடி நிரப்புவாள். பல பாட்டுகளில் எனக்கு இன்றும் அந்த வரி மட்டும் அவள் குரலில்தான் கேட்கிறது.

சினிமாவும் அவள்தான். செகந்திராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் தமிழ்ப்படம் போடுவார்கள். அப்பா எங்களை அழைத்துப் போனதில்லை. அவள் வீட்டார் மாதம் ஒரு முறை போவார்கள். மாலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எங்களை உட்காரவைத்து முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவாள். வில்லன் வந்தால் அம்மாவின் கறுப்புச் சால்வை. கதாநாயகி என்றால் அதே சால்வை தலைமேல். நான் திரையரங்கில் முதல் தமிழ்ப்படம் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு. அவள் செய்ததுதான் நன்றாக இருந்தது.

அந்த வருடம் ஊரில் கலவரம். பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பகல்கள் முடிவே இல்லாமல் நீண்டு கிடந்த காலம் அது. ஒரு தொடர்கதை லைன் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அது வந்த இதழ் பக்கத்து வீட்டு இதழ். பிரித்த பக்கங்களை அக்கா சேர்த்துவைப்பது, முடிந்ததும் இருவருமாகத் தைப்பது என்றும், யாருக்கு முதலில் கல்யாணம் ஆகிறதோ அவளுக்குப் புத்தகம் என்றும் அக்காவும் அவளும் பேசிவைத்திருந்தார்கள். கடைசி அத்தியாயம் வந்த வாரம் இன்னொரு சத்தியமும் செய்தார்கள். சுற்று முடிகிறவரை இருவரும் அதைப் பிரிக்கக் கூடாது. முடிந்ததும் ஞாயிறு மதியம் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

சுற்றில் எங்கள் வீடு கடைசி. இதழ் வந்ததும் அக்கா அதை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். படிக்காமல் ஒரு புத்தகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவளை நான் வேறு கண்டதில்லை.

மறுநாள் பகல் அம்மா ரேஷன் வரிசைக்குப் போனாள். அக்கா தையல் வகுப்புக்குப் போனாள். நான் நாற்காலி போட்டு ஏறி அந்த இதழை எடுத்தேன். எனக்குக் கதை வேண்டாம். முன்பக்கமாக ஒரு முழுப்பக்கப் படம் இருந்தது. ஒரு நடிகை பூச்சுற்றிய ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு கால் தரையில் படாமல் இருப்பாள். ஊஞ்சல் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று தெரியாது. திரைப்படமே பார்க்காத எனக்கு அந்தப் படம் மெல்ல ஆடுவது போலவே இருந்தது. அந்த ஒரு தாளை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கதை பின்னால்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மெதுவாக இழுத்தேன். தாள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுப்பின் போட்ட இதழில் முன்பக்கத் தாளும் பின்பக்கத் தாளும் ஒரே காகிதம் என்று எனக்குத் தெரியாது. ஊஞ்சல் படத்தின் மறுபாதியாகக் கையோடு வந்தது கதையின் கடைசிப் பக்கம்.

திரும்பப் பின்னில் மாட்டப் பார்த்தேன். ஓட்டை கிழிந்தது. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. தாளை மடித்து, என் துணி வைக்கும் தகரப் பெட்டியில் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே தள்ளினேன். இதழை இருந்த இடத்தில் வைத்தேன். படத்தை மட்டும் பிளேடால் வெட்டிக்கொண்டு, கதைப் பக்கத்தை மறுநாள் சொருகிவிடலாம் என்று எண்ணம். காலையில் எழுந்து பார்த்தால் அக்கா அதற்குள் இதழைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் அவர்கள் படித்தபோது நானும் படியில்தான் இருந்தேன். இரண்டு பேரும் குரல் மாற்றி மாற்றிப் படித்தார்கள். பக்கம் திரும்பியது. கதை இருக்க வேண்டிய இடத்தில் கூந்தல் எண்ணெய் விளம்பரம் இருந்தது. ஒட்டிக்கொண்டதோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார்கள்.

"பேஜ் எங்கடி?" என்றாள் அக்கா.

"என்னைக் கேட்டா? உங்க வீட்லதான மூணு நாள் இருந்துச்சு."

"நான் பிரிக்கவே இல்ல. அம்மா மேல சத்தியம். உங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சே."

"அப்ப நான் படிச்சிட்டு ஒளிச்சி வெச்சிட்டேன்றியா?"

"உனக்குத்தான் எதையும் முன்னாடியே தெரிஞ்சிக்கணும். சினிமாகூட இன்டர்வல்ல யாரையாச்சும் முடிவு கேட்டுட்டு வருவியே."

அவள் இதழை மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாப்பா எடுத்திருப்பா. கேளு."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா கேட்கவில்லை.

"இவளா? இவ பசிக்குதுன்னுகூட வாயத் தொறந்து கேக்க மாட்டா. உன் தப்ப மறைக்கச் சின்னப் பிள்ள மேல பழி போடாத."

"சரி. நான்தான் திருடி. போ."

இதழை அக்காவின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். கதையின் முடிவு மூன்றாவது வீட்டு அத்தை சொல்லி அன்று மாலையே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முடிவு யாருக்கு வேண்டியிருந்தது? அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். ரேடியோ கேட்க அக்கா போகவில்லை. அக்கா போகாததால் நானும் போகவில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஏறும், இறங்கும். காணாமல் போகும் வரியை நிரப்ப எந்தக் குரலும் வராது.

சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுவேன். பேசாத பிள்ளை என்றால் எல்லோரும் நல்ல பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

நாலு மாதத்தில் அவள் அப்பாவுக்கு வடக்கே மாற்றல். லாரியில் சாமான் ஏற்றினார்கள். ரேடியோவை மட்டும் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வெளியே வரவில்லை. நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் குனிந்து என் தலையில் கை வைத்து, "பாப்பா, அக்காகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு" என்றாள். அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அழுவாள், அழுதால் நானும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும் என்று பயம்.

மூன்று வருடம் கழித்து அவள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. பேச்சுப்படி புத்தகம் அவளுக்குப் போக வேண்டும். அக்கா பத்திரிகையைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தாள். சேர்த்த பக்கங்களை அக்கா தனியாகவே தைத்து வைத்திருந்த புத்தகம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அந்தத் தகரப் பெட்டி என்னோடுதான் கல்யாணமாகி வந்தது. நாலு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் அடிக்காகிதத்தை மாற்றினேன், கீழே இருந்ததைத் தொடவில்லை. ஊஞ்சல் படத்தைக்கூட பார்ப்பதில்லை. சில விடியற்காலைகளில் ஒரு கனவு வரும். தொழிற்சாலைப் புகைக்குழாய்களுக்கு மேலே ஒரு தாள் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே போகும். நான் கையை நீட்டிக்கொண்டு கீழே ஓடுவேன். கனவில் எனக்கு எப்போதும் பத்து வயதுதான். சுற்றிலும் மட்டும் புதுப் பாலங்கள், கண்ணாடிக் கட்டடங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மலர் வேலையாக ஒரு நாள் மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அம்மா, எங்க டீம்ல ஒருத்தன். அவங்க அம்மாவும் சனத்நகர் லைன்லதான் இருந்தாங்களாம். ரேடியோ வெச்சிருந்த வீடாம். பக்கத்து வீட்ல ரெண்டு அக்கா தங்கச்சி இருந்தாங்களே, உயிரோட இருக்காங்களான்னு கேட்டாங்களாம்."

நான் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன்.

"அது நீங்களும் பெரியம்மாவும்தான?"

"ம்."

"அவங்க சாட்டர்டே ஆஸ்திரேலியா போறாங்க. அவனுக்கு வேலைய அங்க மாத்திட்டாங்க. இங்க ஃப்ளாட்ட வித்தாச்சு. இனிமே வர மாட்டாங்களாம். போன் நம்பர் குடுத்திருக்கான், பேசறீங்களா?"

அன்று திங்கள். அவள் ஒரு வருடமாகக் கச்சிபௌலியில் பதினோராவது மாடியில் இருந்திருக்கிறாள். அக்கா பேகம்பேட்டில். நடுவில் ஒரு மணி நேரப் பயணம்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தை மட்டும் சொன்னேன். "பத்திரமா போய்ட்டு வரட்டும்" என்றாள். "பாக்கலாமாக்கா?" என்றேன். "நக்கோ, வேணாம். முப்பத்தெட்டு வருசம் பாக்காம இருந்தாச்சு. இப்ப எதுக்கு?" என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமைக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால் அக்கா அவளைத் திருடி என்று நினைத்தபடியே இருந்துவிடுவாள், அவளும் அப்படி நினைக்கப்பட்டவளாகவே விமானம் ஏறிவிடுவாள். புதன்கிழமை முழுவதும் தகரப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் தகரப் பெட்டியைக் காலி செய்து தாளை எடுத்தேன். நிறம் டீ போல ஆகியிருந்தது. மடிப்பில் கை வைக்கப் பயமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பேகம்பேட் போனேன். வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அக்கா கூடத்தில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்லாம வந்திருக்க?"

பேசிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. கோப்பை அவள் மடியில் வைத்தேன். அக்கா கையைப் புடவையில் துடைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, தாளை விரித்தாள். ஊஞ்சல் படம் மேலே இருந்தது. அதற்குப் பின்புறம் ஒரு விளம்பரம். அக்கா அதைத்தான் முதலில் படித்தாள்.

"டிரான்சிஸ்டர் நூத்தி அறுபத்தஞ்சு ரூபாயாம். உள்ளூர் வரிகள் தனி." பிறகு மறுபாதியைப் பார்த்தாள். இரண்டு வரி படித்திருப்பாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்க கிடைச்சுது?"

"எங்கிட்டதான்க்கா இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். படம் வேணும்னு. மத்தது கூட வரும்னு தெரியாது."

அக்கா ஒரு காயைக் கிள்ளினாள். இன்னொன்று.

"நீ படிச்சியா இத?"

"இல்லக்கா."

"ஒரு வாட்டிகூட?"

"படிச்சா அது வேணும்னே எடுத்த மாதிரி ஆயிடும்னு..."

"அட பைத்தியமே." சிரித்தாளா என்று தெரியவில்லை. "உனக்காகத்தான் அவகிட்ட அவ்ளோ பேசினேன். வாயத் தொறந்து கேக்க மாட்டான்னு சொன்னேன்டி. ஹவ், ஆமா, கேக்கவே இல்லியே நீ. எடுத்துக்கிட்ட."

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை. எழுந்து உள்ளே போய், மேல் அலமாரியில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. சிமெண்டுக் காகித அட்டை போட்ட புத்தகத்தோடு வந்தாள். ஊசியும் நூலும் இன்னொரு கையில். தாளைக் கடைசிப் பக்கத்தில் பொருத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஊசியை என்னிடம் நீட்டி, "கோத்துக் குடு" என்றாள். கோத்துக் கொடுத்தேன். குத்தப் போனவள் நிறுத்தினாள்.

"வேணாம். ரெண்டு பேரும் சேந்துதான் தைக்கணும்னு பேச்சு." ஊசியைப் புத்தக அட்டையிலேயே குத்தி வைத்தாள். "நம்பர் வெச்சிருக்கல்ல? போடு."

போட்டுக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீ பேசு. நீதான சொல்லணும்."

அந்த மணி அடித்த நேரம் போல நீளமான நேரம் என் வாழ்க்கையில் வேறில்லை. எடுத்தவள் குரலில் கொஞ்சம் இந்தி வாடை ஏறியிருந்தது. ஆனால் அதே குரல்.

"யாருங்க?"

"நான்... சனத்நகர் பாப்பா."

"பாப்பாவா? ஐயோ, நீ பேசக்கூட செய்வியா?"

அதற்குமேல் தாமதித்தால் முடியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பெட்டி, தாள், கடைசிப் பக்கம், லாரி, அவள் சொல்லச் சொன்ன 'போயிட்டு வரேன்'. அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"எந்தப் படம் பாப்பா?"

"ஊஞ்சல்ல உக்காந்திருக்கிறது."

"அதுவா." மூச்சு விடுவது கேட்டது. "அம்மா பொரட்டும்போது பாத்தேன். அது எனக்கும் வேணும்னு நெனச்சேன். சுத்து முடியட்டும்னு இருந்தேன்." மறுபடி டேப் ஒட்டும் சத்தம். "அவளும் நானும் ஒருத்தர ஒருத்தர் எவ்ளோ திட்டியிருப்போம் மனசுல. உன்ன நான் என்னன்னு சொல்றது?"

"திட்டுங்கக்கா."

"இரு, இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல. அவ பக்கத்துல இருக்காளா?"

போனை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைக் காதில் வைத்துக்கொண்டாள். கொத்தவரங்காய்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நேற்றுத்தான் குழாயடியில் பிரிந்தவள் போல, "சாப்டியா?" என்றாள்.

நான் பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. வெயில் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டு, ஊரே கொஞ்சம் முன்னால் வந்து கொஞ்சம் பின்னால் போவது போல இருந்தது. உள்ளே அக்காவின் குரல் ஏறியது, இறங்கியது. சில வரிகள் கேட்கவில்லை.

மறுநாள் அக்கா மட்டும் காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்துக் கச்சிபௌலி போனாள். எங்கள் வீட்டுக்கு அன்று தண்ணீர் லாரி வரும் முறை, நான் போகவில்லை. அக்கா மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டு வழியாகத் திரும்பினாள். பையில் புத்தகம் இல்லை.